பட்டறைப் பதில்கள்: ஈயக்குண்டு எத்தனை பருமன் இருக்க வேண்டும்?

மான் வேட்டைக் காலம் நெருங்கிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கியைப் பற்றியவைதான். கடைசல் இயந்திரம், வெல்டிங் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பதில் இப்போதே தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: அண்ணா, வணக்கம். பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் இருக்கிறேன். போன வருடம் பழைய மார்லின் 336 துப்பாக்கி ஒன்று வாங்கினேன். 30-30 தோட்டா போடுவது. கடைத் தோட்டா 100 கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் விழுகிறது. ஆசைப்பட்டு நானே ஈயக்குண்டு வார்த்து, 0.309 அங்குல டையில் (துளையுள்ள எஃகுக் கருவி) தள்ளி அளவாக்கிச் சுட்டுப் பார்த்தேன். 50 கெஜத்திலேயே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. சில ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளமாக விழுகின்றன. இருபது குண்டு போவதற்குள் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்கிறது. ஒருவர் ஈயத்தை இன்னும் கெட்டியாக்கு என்கிறார். இன்னொருவர் கடைக்குண்டைப் போலவே 0.308 வை என்கிறார். மூன்றாமவர் 0.311 என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, மூன்று பேருமே உங்கள் குழலை அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள். மூன்றாமவர் சொன்னது உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கலாம். ஆனால் அளக்காமல் அதையும் ஏற்காதீர்கள்.

முதலில் ஒரு சொல். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைப் பட்டறையில் 'தவ்' என்போம். தலைமுடி ஒன்று ஏறக்குறைய மூன்று தவ் கனம். உங்கள் தொல்லை முழுவதும் ஒரு தவ், இரண்டு தவ்வுக்குள்தான் இருக்கிறது.

குழலின் உட்சுவரில் பள்ளங்கள் திருகி ஓடுகின்றன. இரண்டு பள்ளத்துக்கு நடுவில் இருப்பது மேடு. 30-30 குழலில் ஏட்டுக் கணக்குப்படி மேட்டுக்கு மேடு 0.300 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.308. கடைக்குண்டும் 0.308 தான். அதற்குச் செம்பு உறை இருப்பதால் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். வெறும் ஈயத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இம்மியளவு சந்து இருந்தாலும், மருந்து எரிந்து வரும் வாயு அதில் பீறிட்டு முன்னே ஓடும். போகிற போக்கில் குண்டின் விளிம்பை அரித்து உருக்கி, பற்றவைத்தது மாதிரி குழல் சுவரில் ஒட்டிவிடும். விளிம்பு போன குண்டு பள்ளத்தைச் சரியாகப் பிடிக்காது. ஓய்ந்துவரும் பம்பரம் மாதிரி தலையாட்டிக்கொண்டே போய் அட்டையில் பக்கவாட்டாக விழும். நீங்கள் பார்த்த நீள ஓட்டை அப்படி வந்ததுதான்.

அதனால் ஈயக்குண்டு பள்ளத்தின் அளவைவிட ஒன்று முதல் இரண்டு தவ் பெரியதாக இருக்க வேண்டும். குழலுக்குள் நுழையும்போதே சந்தை அடைத்துக்கொண்டு நுழைய வேண்டும்.

ஈயத்தைக் கெட்டியாக்கு என்பவர் சொல்வதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இளகிய ஈயமாக இருந்தால், அழுத்தம் பட்டதும் அடிப்பக்கம் சற்று விரிந்து சந்தை ஓரளவு தானே மூடிக்கொள்ளும். கெட்டி ஈயம் விரியாது. பருமன் குறைந்த குண்டைக் கெட்டியாக்கினால் ஒட்டல் கூடும். நான் முதல் வருடம் செய்த தவறே இதுதான். அச்செழுத்துக் கோக்கும் லைனோடைப் உலோகம் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது. அதில் நூற்றுக்கு ஆன்டிமனி 12 பங்கு, வெள்ளீயம் 4 பங்கு, மீதி காரீயம். நகத்தால் கீறினால் கோடு விழாது. அதைத் தங்கம் மாதிரி வைத்திருந்து வார்த்துச் சுட்டேன். குழலைச் சுத்தம் பண்ண ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

சரி, அளப்பது எப்படி? இதை நிதானமாகச் செய்யுங்கள். அவசரப்பட்டால் வீண்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று மூன்று முறை பாருங்கள். தோட்டா உட்காரும் அறையையும் பாருங்கள், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசினையும் பாருங்கள். மார்லினில் ஒரு வசதி உண்டு. லீவர் திருகாணி ஒன்றைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் வந்துவிடும், பின்பக்கமிருந்தே வேலை செய்யலாம். குழலை நன்றாகத் துடைத்து, எண்ணெய் லேசாகத் தடவுங்கள். மீன்பிடிச் சாமான் கடையில் முட்டை வடிவ ஈயக்குண்டு விற்பார்கள். குழலைவிடச் சற்றுப் பெரியதாக, சுத்த ஈயத்தில் இருப்பதாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள். கலப்பு ஈயம் உதவாது. அது அழுத்தம் விட்டதும் கொஞ்சம் விரிந்து பொய் அளவு காட்டும். எண்ணெயில் தோய்த்து வைத்து, பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி இறக்குங்கள். நீளமான மரக்குச்சி வேண்டாம், பிளந்து உள்ளே இறுகிக்கொள்ளும்.

முதல் இரண்டு தட்டில் ஈயம் சீவப்பட்டு மெல்லிய வளையம் ஒன்று கழன்று நிற்கும். அதற்குப் பிறகு கையைக் கவனியுங்கள். ஒரே சீராக நகர்கிறதா, எங்காவது இறுகுகிறதா, எங்காவது சட்டென்று இளகி ஓடுகிறதா? குழலின் மேல் குறிமுனைக்காகக் காடி வெட்டிய இடத்திலும், எழுத்துப் பொறித்த இடத்திலும் உள்ளே சற்று இறுகியிருக்கும் குழல்கள் உண்டு. இறுகிய இடத்தைத் தாண்டி விரிந்த இடத்துக்கு வந்த குண்டு மறுபடி சந்து விடும். அதனால் பின்பக்கம் ஒரு ஈயம், வாய்ப்பக்கம் ஒரு ஈயம் என்று இரண்டு தனித்தனி ஈயம் எடுத்து அளப்பது நல்லது.

வெளியே வந்த ஈயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். பள்ளம் பதிந்த இடமெல்லாம் மேடாக, கண்ணாடி மாதிரி மின்னும். இதை வெர்னியரில் அளக்காதீர்கள், மைக்ரோமீட்டர் வேண்டும். தவ்வில் பத்தில் ஒரு பங்கு படிக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. அளக்கும் முன் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஈயத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து, வருவதில் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டரின் ராட்செட் பிடியை மெல்லத் திருப்புங்கள். அழுத்தினால் ஈயம் நசுங்கும், அப்புறம் அளந்தது கணக்கில் வராது.

உங்கள் 336 பற்றி ஒன்று. 1950களின் நடுவிலிருந்து மார்லின் 30-30 குழலில் மைக்ரோ-குரூவ் என்று வெட்டினார்கள். ஆழம் குறைந்த பள்ளம் பன்னிரண்டு இருக்கும். செம்பு உறைக் குண்டுக்கு அது அருமையான குழல். நல்ல குழல் என்பதை உங்கள் கடைத் தோட்டாவே காட்டிவிட்டது. ஈயத்துக்கு அந்த ஆழமில்லாத பள்ளத்தில் பிடிமானம் குறைவு. அதனால் பருமனில் தாராளம் வேண்டும். இப்படிப்பட்ட குழலுக்கு 0.310, சிலதுக்கு 0.311 என்று வைத்த பிறகுதான் குண்டு நேராகப் போகும். 0.309 போதாமல் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பெரிய குண்டு வைக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். உங்கள் துப்பாக்கியிலேயே சுட்ட பித்தளைக் கூடு ஒன்றை எடுங்கள், எந்த டையிலும் போடாமல். புதுக் குண்டை விரலால் அதன் கழுத்துக்குள் விட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால், அறையில் கழுத்துக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம். போகாமல் நின்றால் அந்தப் பருமன் உங்களுக்கு வேண்டாம். கழுத்து விரிய இடமில்லாவிட்டால் குண்டைப் பிடித்துக்கொண்டு விடாது, அழுத்தம் எகிறும். கண்ணும் கையும் போகிற காரியம் அது. சோதனையில் தேறுகிற பருமன்களில் பெரியதையே நான் எடுப்பேன்.

இவ்வளவும் செய்த பிறகும் சிதறுகிறது என்று எழுதுகிறவர்கள் பலர். என் கதையும் அதுதான். கோயம்புத்தூர் டூல் ரூமில் மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பழகியவன் நான். குழலை அளந்தேன், 0.3085 வந்தது. குண்டை 0.310-க்கு அளவாக்கினேன். அட்டையில் அதே நீள ஓட்டை. என்னை வேட்டைக்கு அழைத்துப்போன மேஸ்திரி, அந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மானைக் காயப்படுத்திவிட்டு இருட்டில் ரத்தச் சொட்டுத் தேடி அலைந்தவர் அவர்.

மறுநாள் மதிய இடைவேளையில், நான் போட்டு வைத்திருந்த தோட்டா ஒன்றைக் கேட்டார். குண்டு உருவும் சுத்தியல் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தலைக்குள் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று விழும். மூன்றாவது தட்டில் விழுந்தது. மருந்தை உதறிவிட்டுக் குண்டை மைக்ரோமீட்டருக்குள் வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். அடிப்பக்கம் 0.308. முதல் நாள் ராத்திரி 0.310-ஆக இருந்த குண்டு!

நடந்தது இதுதான். கூட்டின் கழுத்தை விரிக்கும் கம்பி, செம்பு உறைக் குண்டுக்காகச் செய்தது. கழுத்தைக் குறுகலாக விட்டுவிடுகிறது. அந்த இறுக்கத்தில் ஈயக்குண்டை அழுத்தி உட்காரவைத்தால், பித்தளையே அதைப் பிழிந்து சிறிதாக்கிவிடும். குழலுக்குள் போகும் முன்பே என் குண்டு இரண்டு தவ் இளைத்துவிட்டது. ஈயக்குண்டுக்கென்றே விரிகம்பி தனியாக உண்டு. லைமன் நிறுவனம் 'எம் டை' என்ற பெயரில் விற்பது நாலு பேருக்கும் தெரிந்தது. அது கழுத்தைச் சற்று அதிகம் விரித்து, வாயில் ஒரு சிறு படியும் வைத்துக் கொடுக்கும். குண்டு நேராக உட்காரும், சீவப்படாது. அதை மாற்றினேன். ஈயமும் மருந்தும் அதேதான். 50 கெஜத்தில் ஐந்து ஓட்டைகளை ஒரு காபி டம்ளரின் வாயால் மூடிவிடலாம் என்று ஆனது.

ஆகவே தம்பி, உங்கள் தோட்டா ஒன்றை இன்றைக்கே உருவி அளந்து பாருங்கள். டையிலிருந்து வந்த அளவைவிட, கூட்டிலிருந்து உருவிய அளவுதான் குழலுக்குள் போகிற அளவு.

இன்னும் இரண்டு விஷயம் சுருக்கமாக. குண்டு வார்க்கும் அச்சின் மேல் 0.309 என்று எழுதியிருந்தாலும், விழும் குண்டின் பருமன் கலவையைப் பொறுத்தது. ஆன்டிமனி கூடினால் ஆறும்போது சுருக்கம் குறையும், அதே அச்சில் குண்டு பெரிதாக விழும். வீல் வெயிட்டில், அதாவது கார் சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டும் ஈயத்தில், 0.309 விழுகிற அச்சிலிருந்து அளவு டை எதைப் போட்டாலும் 0.310 வராது. டை சிறிதாக்கும், பெரிதாக்காது. அப்படியானால் 0.311-க்கு மேல் விழுகிற அச்சுதான் வேண்டும். குண்டுக்கு மேல் பவுடர் கோட்டிங் பூசி அடுப்பில் சுட்டு ஒன்றிரண்டு தவ் ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு, அதுவும் வழிதான். வீல் வெயிட் பொறுக்கும்போது துத்தநாகத்தில் செய்தவை கலந்துவிடாமல் பாருங்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். உலையை அடக்கமாக வைத்தால் துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம்.

குண்டின் மூக்கு தட்டையாக இருக்கட்டும். உங்கள் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. கூர்மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பில், அதாவது இடித்தால் பற்றும் அடிப்பொட்டில், முட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. அதோடு, ஈயக்குண்டு மானை வீழ்த்துவது அந்தத் தட்டை மூக்கால்தான். கடையின் 170 கிரெய்ன் எடைக் குண்டு வினாடிக்கு 2,200 அடி வேகத்தில் போகும், ஈயத்தை அவ்வளவு விரட்ட வேண்டியதில்லை. அடியில் செம்புத் தொப்பி, அதாவது கேஸ் செக், மாட்டி அதைவிடக் குறைந்த வேகத்தில் விடுங்கள். மருந்து எத்தனை கிரெய்ன் என்று நான் எழுத மாட்டேன். ஈயக்குண்டுக்கென்று அச்சிட்ட கையேட்டைப் பார்த்து, அதில் உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள்.

சுட்ட பிறகும் ஈயம் ஒட்டினால் எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். அறைக்கு அருகில் என்றால் பெரும்பாலும் பருமன் போதவில்லை. வாய்ப்பக்கம் மட்டும் என்றால் குண்டில் வழுக்குவதற்காகப் பூசிய மெழுகு பாதி வழியில் தீர்ந்துபோகிறது. குழலே உங்களுக்குப் பதில் எழுதிக் காட்டும்.

கேள்வி: அண்ணை, ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் லோங் பிராஞ்சில் செய்த லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துவக்கு ஒன்று இருக்கிறது, 303. லைசென்ஸ் எல்லாம் முறையாக உண்டு. 0.312 ரவை வார்த்துச் சுட்டேன். சரிவரவில்லை. மானுக்கும் மூஸுக்கும் இதைக் கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

பதில்: தம்பி, நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், அப்போது டொராண்டோவை ஒட்டியிருந்த லோங் பிராஞ்சில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த துவக்கு அது. அவசரத்தில் லட்சக்கணக்கில் செய்தவை. 303-க்கு ஏட்டில் பள்ளம் 0.311, 0.312 என்று இருக்கும். கையில் வருகிற துவக்குகளில் 0.312 முதல் 0.316 வரை, அதற்கு மேலும் பார்க்கலாம். போதாததற்கு அந்தக் காலத்துக் கோர்டைட் மருந்து கடுஞ்சூட்டில் எரியும். அறையை ஒட்டிய தொண்டைப் பகுதியைத் தின்று அகலமாக்கியிருக்கும். 0.312 ரவை அதற்குள் தொளதொளவென்று போயிருக்கும்.

மேலே சொன்ன மாதிரி ஈயம் இறக்கி அளந்து பாருங்கள். முதலில் பள்ளங்களை எண்ணுங்கள். இரண்டுதான் என்றால் போர்க்காலக் குழல். பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம், மைக்ரோமீட்டர் நேராக அளக்கும். ஐந்து என்றால் பள்ளத்துக்கு எதிரே மேடு வரும், சாதாரண மைக்ரோமீட்டர் குறைத்துக் காட்டும். வி வடிவ அடி கொண்ட மைக்ரோமீட்டர் எல்லாரிடமும் இருக்காது. ஒரு தவ் கனமுள்ள பித்தளைத் தகட்டை ஈயத்தைச் சுற்றி ஒரே சுற்றாக இறுக்கி, அதன் மேல் அளந்து, இரண்டு தவ் கழித்துவிடுங்கள். பட்டறையில் நாங்கள் செய்கிற வழி இது, போதுமான அளவு சரியாக வரும்.

பெரும்பாலும் 0.314-இல் வந்து நிற்பீர்கள். லைமனின் 314299 என்ற அச்சு, ஏறக்குறைய 200 கிரெய்ன் எடை, இந்தத் துவக்குக்காகவே பலர் வைத்திருப்பது. லீ-என்ஃபீல்டின் அறை தாராளமானது. கழுத்துக்கு இடமில்லை என்ற தொல்லை அநேகமாக வராது, ஆனாலும் சுட்ட கூட்டில் விட்டுப் பார்க்கும் சோதனையை விடாதீர்கள். விரிகம்பியையும் அளந்து பாருங்கள்.

மூஸ் பற்றிக் கேட்டீர்கள். மானுக்குச் சரி, 100 கெஜத்துக்குள். மூஸுக்கு நான் ஈயக்குண்டு கொண்டு போக மாட்டேன். அவ்வளவு பெரிய உடம்புக்கு நல்ல செம்பு உறை ரவை இருக்கும்போது, நம் வார்ப்பு ஆசைக்காக அந்த மிருகத்தை நோகவிட எனக்கு மனம் வராது.

கேள்வி: டெக்சாஸில் பன்றி சுட 45-70 வைத்திருக்கிறேன். 0.458 குண்டு போதுமா?

பதில்: செம்பு உறை என்றால் 0.458. ஈயம் என்றால் அளந்து பார்த்து 0.459 அல்லது 0.460. இது 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா. பிறந்ததே ஈயக்குண்டோடு, 405 கிரெய்ன் எடையில். இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த இளகிய குண்டு மிதமான வேகத்தில் அழகாக வேலை செய்யும். உங்கள் துப்பாக்கி எந்தக் காலத்தது என்று எழுதவில்லை. பழைய டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றால் அதற்கென்று கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும் குறைந்த அழுத்த அளவைத் தாண்டவே கூடாது.

கேள்வி: சாக்ரமென்டோவில் இருக்கிறேன். உங்கள் பக்கத்தைப் படித்து எனக்கும் குண்டு வார்க்க ஆசை வந்துவிட்டது. எந்த அச்சு வாங்கலாம்?

பதில்: வேட்டைக்கு என்றால் வாங்காதீர்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கி வேட்டை எதற்கும் ஈயக்குண்டு கூடாது. சுடுதளத்தில் குறி பழக வார்த்துக்கொள்ளலாம், காட்டுக்கு ஈயமில்லாத செம்புக் குண்டை எடுத்துப் போங்கள். இது வெறும் கெடுபிடி இல்லை. கலிபோர்னியா கான்டர் என்ற பெருங்கழுகு 1982-இல் உலகத்திலேயே இருபத்திரண்டுதான் மிச்சம் இருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலையும் சடலத்தையும் தின்று, அதிலிருந்த ஈயத் துணுக்கால் செத்தவை பல. இன்றும் அந்தப் பறவையைக் கொல்வதில் ஈயம்தான் முன்னால் நிற்கிறது. தடை இல்லாத பென்சில்வேனியாவில் இருந்தாலும் நான் மானின் குடலைத் திறந்த வெளியில் போடுவதில்லை. தோண்டிப் புதைக்கிறேன், வெண்தலைக் கழுகுக்கும் அதே கதிதான் வருகிறது. மண்வெட்டி ஒன்று எப்போதும் வண்டியில் கிடக்கும்.

கேள்வி: அண்ணா, என் கணவர் உங்கள் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர். வீட்டுப் பின் தாழ்வாரத்தில் ஈயம் உருக்குகிறார். மூன்று வயதுக் குழந்தை வீட்டில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது என்றால், "ஊரில் உங்கம்மா ஈயச்சொம்பில் ரசம் வைக்கவில்லையா, அதே ஈயம்தானே" என்கிறார். சரிதானா?

பதில்: இல்லை தங்கச்சி, சரி இல்லை. உங்கள் பயம் நியாயமானது. நம் பேச்சில் இரண்டையும் ஈயம் என்று சொல்வதால் வந்த குழப்பம் இது. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். குண்டு வார்ப்பது காரீயம். இது நஞ்சு, குழந்தையின் மூளையைத் தொடுகிற நஞ்சு. இரண்டும் வேறு வேறு உலோகம். குண்டுக் கலவையில் அச்சு நன்றாக நிரம்புவதற்காக வெள்ளீயம் கொஞ்சம் சேர்ப்போம் என்பதைத் தவிர ஒன்றுக்கொன்று உறவில்லை.

உலைப் புகைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நாம் வார்க்கிற 370 டிகிரி செல்சியஸ் வாக்கில் காரீயம் ஆவியாகிப் பறப்பது மிக மிகக் குறைவு. ஆபத்து தூசியில் இருக்கிறது. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு படியும். அதை வழித்துத் தகர டப்பாவில் போடும்போது மெல்லிய பொடி எழும். அது தாழ்வாரத் தரையில் படிந்து, செருப்பில் ஒட்டி, கார்ப்பெட்டுக்கு வந்து, தரையில் விளையாடும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும்.

அதனால் தாழ்வாரம் வேண்டவே வேண்டாம். வீட்டைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமுள்ள ஷெட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். மழைச் சாரல் படாத இடமாக இருக்க வேண்டும். ஈரமான ஈயக்கட்டி ஒன்று உலைக்குள் போனால் தண்ணீர் நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். அந்த வேலைக்கென்று ஒரு சட்டை, ஒரு செருப்பு, இரண்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. அந்தச் சட்டையைக் குழந்தையின் துணியோடு துவைக்காதீர்கள். ஷெட்டில் காபி, பிஸ்கட் எதுவும் கூடாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனிப் பையில் கட்டிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கை, முகம் கழுவி, முடிந்தால் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

இதையெல்லாம் அவர் செய்வதற்குக் காத்திருக்காமல், இந்த வாரமே குழந்தையின் மருத்துவரிடம் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணப் பரிசோதனைதான். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வரம்பு வைத்தது. கணவரும் பார்த்துக்கொள்ளட்டும், நானும் வருடம் ஒருமுறை பார்க்கிறேன். முடிவு வரும்வரை அந்தத் தாழ்வாரக் கதவைப் பூட்டி வையுங்கள். குழந்தையின் விளையாட்டுச் சாமான் ஏதாவது அங்கே கிடந்தால், சோப்பு போட்டுக் கழுவிய பிறகு உள்ளே எடுத்து வாருங்கள்.